"கேஸ் போடணும் சார்"னு சொன்னதும் தலையாட்டாதீங்க: ஏசி ரிப்பேருக்குப் பணம் கட்டும் முன்

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாம் பேசுற இடத்துல இன்னைக்கு ஏசி ரிப்பேர் பத்திப் பேசப் போறோம். காரணம் இருக்கு. நம்ம சம்பளத்துல பெரிய செலவுகளை எல்லாம் பத்து வீடியோ பார்த்துட்டுத்தான் செய்றோம். ஆனா மே மாசம் ராத்திரி 10 மணிக்கு ஏசி நின்னுபோனா, வர்றவர் என்ன சொல்றாரோ அதுதான் விலை. ஜிபே பண்ணிட்டுத் தூங்கிடுவோம்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஏமாந்தேன்னு சொல்றதைவிட, கேள்வி கேட்காம இருந்தேன்னு சொல்றதுதான் சரி.

2018-ல மேடவாக்கத்துல ஃப்ளாட் வாங்கினப்போ 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ஒண்ணு போட்டேன். 3 வருஷம் பிரச்சினை இல்ல. 2021 கோடையில ரூம் குளிரல. வந்த தம்பி மீட்டர் மாட்டிப் பார்த்துட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாமா?"ன்னு கேட்டார். "போடுங்க தம்பி"ன்னேன். 2,500 ரூபாய். 2022 ஏப்ரல்ல மறுபடியும் அதே வசனம், 2,800. 2023-ல 3,200. எனக்கு அது வருஷா வருஷம் வர்ற பைக் சர்வீஸ் மாதிரி பழகிப்போச்சு. 2024 மே மாசம், கத்திரி வெயில் நடுவுல, கம்ப்ரஸரே போயிடுச்சு. வீட்டுல அப்பா இருந்தார், பிபி மாத்திரை சாப்பிடுறவர். 2 ராத்திரி ஹால்ல ஃபேனுக்குக் கீழ படுத்தும் தூக்கம் வராம உட்கார்ந்திருந்தார்.

கம்ப்ரஸருக்கு 10 வருஷ வாரண்டி இருந்ததால அந்தப் பாகம் இலவசம். ஆனா கூலி, கேஸ், டிரையர் எல்லாம் சேர்த்து 6,200 ஆச்சு. அந்த வேலைக்கு வந்த சீனியர் மெக்கானிக் நைட்ரஜன் ஏத்தி, எல்லா ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தடவினார். அவுட்டோர் யூனிட்ல காப்பர் பைப் வந்து சேருற ஃப்ளேர் நட்ல பொடிப்பொடியா நுரை. அந்த முனையை வெட்டி, புதுசா ஃப்ளேர் அடிச்சு, டைட் பண்ணார். அதுக்கு மட்டும் அவர் போட்ட கூலி 600 ரூபாய்.

கணக்குப் பாருங்க. 4 தடவையா நான் கட்டினது 14,700. 2021-லயே அந்த நட்டைக் கண்டுபிடிச்சிருந்தா 2,500 கேஸ், 600 கூலி, மொத்தம் 3,100. மிச்சம் 11,600 ரூபாய். கிட்டத்தட்ட ஒரு வருஷம் மாசம் ஆயிரம் ரூபாய் எஸ்ஐபி போட்ட பணம்.

கேஸ் பெட்ரோல் கிடையாது

இந்த ஒரு விஷயம் புரிஞ்சாப் போதும், ஏசி ரிப்பேர்ல பாதி செலவு குறையும்.

வீட்டுல தண்ணி மோட்டார் என்ன பண்ணுது? தண்ணியை அது உருவாக்குறது இல்ல, கீழ சம்ப்ல இருக்கிறதை மேல தொட்டிக்கு ஏத்துது. ஏசியும் அப்படித்தான். குளிரை உருவாக்குறது இல்ல, ரூமுக்குள்ள இருக்கிற வெப்பத்தை இழுத்து வெளிய தள்ளுது. வெப்பத்துக்கான பம்பு. குளிர் நாடுகள்ல இதே மெஷினைத் திருப்பி ஓட்டி, வெளிய இருக்கிற வெப்பத்தை வீட்டுக்குள்ள ஏத்துவாங்க. அங்க அதுக்குப் பேரே ஹீட் பம்ப். ஜெர்மனியிலயோ கனடாவிலயோ இருக்கிற உங்க நண்பர் 'ஹீட் பம்ப் ரிப்பேர்'னு புலம்பினா, திசை மாத்துற ஒரு வால்வைத் தவிர, உள்ள இருக்கிறது பெரும்பாலும் உங்க வீட்டு ஏசி சமாச்சாரம்தான்.

வெப்பத்தைச் சுமந்துட்டுப் போற வண்டிதான் அந்த கேஸ். இண்டோர்ல ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கும், அவுட்டோர்ல திரவமாகி வெப்பத்தை விட்டுடும். மூடின காப்பர் பைப்புக்குள்ள சுத்திச்சுத்தி வரும். எரியாது, தீராது, பழசாகாது. ஆரம்பத்துல போட்ட கேஸ் அந்த ஏசியின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கணும்.

அப்போ கேஸ் குறைஞ்சிருக்குன்னா ஒரே அர்த்தம்தான். எங்கயோ ஓட்டை. சைக்கிள் டியூப்ல பஞ்சர் ஒட்டாம காத்து மட்டும் அடிச்சுக்கிட்டு ஓட்டுவோமா? ஏசிக்கு மட்டும் வருஷா வருஷம் அதைத்தான் பண்றோம்.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. கம்ப்ரஸர் மோட்டாரைக் குளிர வைக்கிறதே அந்த கேஸ்தான். கேஸ் குறைவா இருக்கிறப்போ மோட்டார் சூடாகும். ரூமும் குளிராததால இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைக்காம முழு மூச்சுல ஓடும். கரண்ட் பில்லும் ஏறும், கம்ப்ரஸர் ஆயுளும் தேயும். என் கம்ப்ரஸர் போனதுக்கு மூணு வருஷம் அப்படி ஓடினதுதான் காரணமா இருக்கும்னு அந்த சீனியர் சொன்னார்.

போன் பண்றதுக்கு முன்னாடி 20 நிமிஷம்

விசிட் சார்ஜ் கட்டின பிறகு "ஃபில்டர் அடைச்சிருந்துச்சு சார்"னு கேட்கிறதைவிட எரிச்சல் வேற இல்ல. அதனால முதல்ல இண்டோர் மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழட்டி, குழாய்த் தண்ணியில கழுவி, காய வச்சு மாட்டுங்க. ரிமோட் கூல் மோட்லதான் இருக்கான்னு பாருங்க, வீட்டுல குழந்தை இருந்தா ஃபேன் மோட்ல மாறியிருக்கும். அவுட்டோர் முன்னாடி துணி காயுதா, புறா கூடு கட்டியிருக்கான்னு எட்டிப் பாருங்க. சூடான காத்து வெளிய போக வழியில்லன்னா எந்த ஏசியும் குளிராது.

பைப்லயோ காயில்லயோ ஐஸ் கட்டியிருந்தா, "ஐஸ் இருக்கு, அப்போ கேஸ் கம்மி"ன்னு சிலர் உடனே சொல்வாங்க. கேஸ் குறைஞ்சாலும் ஐஸ் கட்டும்கிறது உண்மைதான். ஆனா ஃபில்டர் அடைச்சுக் காத்து போகலன்னாலும் ஐஸ் கட்டும். ஏசியை ஆஃப் பண்ணி ஐஸ் முழுசா உருகட்டும். சுத்தமான ஃபில்டரோட மறுபடி ஓட்டுங்க. திரும்ப ஐஸ் வந்தாதான் அடுத்த கட்டம்.

என்கிட்ட ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கு, விலை 200 ரூபாய்க்குள்ள. ஏசியைக் குறைஞ்ச டெம்பரேச்சர்ல வச்சு 15 நிமிஷம் ஓட்டிட்டு, மேல காத்து உள்ள இழுக்கிற இடத்துலயும் கீழ குளிர் காத்து வர்ற இடத்துலயும் அளந்து பார்ப்பேன். வித்தியாசம் சுமாரா 8-லிருந்து 12 டிகிரி இருந்தா மெஷின் வேலை செய்யுது. அப்பவும் ரூம் குளிரலன்னா பிரச்சினை மொட்டை மாடி வெயில்லயோ, மூடாத ஜன்னல்லயோ, ரூம் சைஸ்லயோ இருக்கு. 3, 4 டிகிரிதான் வித்தியாசம்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

டிஸ்பிளேல எர்ரர் கோடு வந்தா ஆஃப் பண்றதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க. பல மாடல்ல சுவிட்சைப் போட்டு எடுத்தா அது மறைஞ்சுடும்.

மெக்கானிக் வந்த பிறகு

"கேஸ் கம்மி"ன்னு சொன்னா, மரியாதையா ஒரே கேள்வி: "லீக் எங்க அண்ணே?"

சண்டை போடச் சொல்லல. அந்தக் கேள்விக்கு வர்ற பதில்லயே ஆள் தெரிஞ்சிடும். வேலை தெரிஞ்சவர், ஜாயின்ட்கள்ல எண்ணெய்க் கறை இருக்கான்னு பார்ப்பார். கேஸோட கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும்கிறதால லீக் இருக்கிற இடத்துல பிசுபிசுன்னு தூசி ஒட்டியிருக்கும். அப்புறம் நைட்ரஜன் ஏத்திப் பிரஷர் இறங்குதான்னு பார்த்து, சோப்பு நுரை டெஸ்ட் பண்ணுவார். இதுக்கு நேரமும் தனிக் கூலியும் ஆகும். அந்தக் கூலியைப் பேரம் பேசாதீங்க, நீங்க உண்மையில வாங்க வேண்டியது அந்த வேலையைத்தான்.

லீக் அடைச்ச பிறகு வாக்குவம் பம்பு மாட்டி, பைப்புக்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கணும். இதுக்கு அரை மணி நேரமாவது விடணும். சிலர் பம்பு கொண்டு வராம, கேஸையே கொஞ்சம் விட்டுக் காத்தை வெளிய தள்ளுவாங்க. உள்ள தங்குற ஈரம் நாளாக நாளாக ஆயிலைக் கெடுத்து அமிலமா மாறி, கம்ப்ரஸரை உள்ளயே அரிக்கும். அதனால கடிகாரத்தைப் பாருங்க. வந்து 15 நிமிஷத்துல கேஸ் வேலை முடிஞ்சுதுன்னா உங்களுக்குக் கிடைச்சது டாப்-அப் மட்டும்தான்.

கடைசியா, கேஸை எடை போட்டு ஏத்தணும். அவுட்டோர் யூனிட்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல கேஸ் வகையும் எடையும் அச்சடிச்சிருக்கும், ஆர்-32 இத்தனை கிராம்னு. மெக்கானிக் சிலிண்டரைத் தராசுல வச்சு அந்தக் கிராம் அளவுக்கு ஏத்தினா அது சரியான முறை. வெறும் பிரஷர் மீட்டரைப் பார்த்து ஏத்துறது குத்துமதிப்பு. வெளிய எவ்வளவு வெயில், கம்ப்ரஸர் என்ன வேகத்துல ஓடுதுங்கிறதைப் பொறுத்து பிரஷர் மாறிக்கிட்டே இருக்கும். பைப் வழக்கத்தைவிட நீளமா ஓடியிருந்தா மட்டும் மேனுவல்ல சொன்னபடி கொஞ்சம் கூடும்.

ஆர்-32 லேசா தீப்பிடிக்கக்கூடிய கேஸ். உள்ள கேஸ் இருக்கிறப்பவே வெல்டிங் டார்ச்சைக் கொண்டு வந்தா நிறுத்தச் சொல்லுங்க. ஸ்டிக்கர்ல ஒரு கேஸ் இருக்க, "இது கலந்தாலும் ஓடும் சார்"னு வேற கேஸ் ஏத்த வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க.

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு நான் சொல்ல வரல. கோடையில ஒரு பையன் ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குறார்னு நாம யோசிக்கிறது இல்ல. நாமளும் "இன்னைக்கு ராத்திரி குளிர்ந்தாப் போதும்"னுதான் கேட்கிறோம், லீக் டெஸ்டுக்கு 800 ரூபாய்னா முகம் சுளிக்கிறோம். டாப்-அப்புங்கிறது ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சுக்கிற சமரசம். இன்னொண்ணு, நாலாவது மாடி சன்ஷேட்ல இருக்கிற அவுட்டோருக்கு பெல்ட் இல்லாம இறங்கச் சொல்லாதீங்க. பெல்ட்டோட வர்றவர் கூட 300 கேட்டா குடுத்துடுங்க.

லீக் ஃப்ளேர் நட்லன்னா அதிர்ஷ்டம். கூலிங் காயில்லன்னா செலவு. வளைவுகள்ல இருக்கிற ஓட்டையை அடைக்க முடியும், தகடுகளுக்கு நடுவுல இருந்தா பெரும்பாலும் காயிலையே மாத்தணும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு உப்புக் காத்து அவுட்டோர் காயிலை அரிக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்க.

கேஸ் இல்லாத மத்த பழுதுகள்

பழைய மாடல் இன்வெர்ட்டர் இல்லாத ஏசி, 'ம்ம்ம்'னு முனகிட்டு கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டர். சில நூறு ரூபாய் சாமான். அதை மாத்திப் பார்க்காம "கம்ப்ரஸர் போச்சு"ன்னு சொன்னா இன்னொருத்தரைக் கூப்பிடுங்க.

இன்வெர்ட்டர் ஏசியில பர்ஸைக் காலி பண்றது பிசிபி போர்டு. வோல்டேஜ் ஏறி இறங்குறது, இடி, அப்புறம் நம்ம ஊரு ஸ்பெஷல் பல்லி. போர்டு மேல ஏறிச் செத்துப்போய் ஷார்ட் பண்ணிடும். என் நண்பருக்குப் புது போர்டு 8,500-ன்னு சொன்னாங்க. அவர் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு போர்டு ரிப்பேர் கடையில குடுத்து 2,200-க்கு முடிச்சார், 3 மாச வாரண்டியோட. வாரண்டி காலம் முடிஞ்ச ஏசின்னா நான் முதல்ல ரிப்பேரைத்தான் முயற்சி பண்ணுவேன். வாரண்டி பாக்கி இருந்தா வெளி ஆளைத் தொட விடாதீங்க, அதையே காரணம் காட்டி கிளெய்மை மறுக்க வாய்ப்பு இருக்கு. எந்தப் பாகம் மாத்தினாலும் பழசைக் கேட்டு வாங்கிக்கோங்க.

'10 வருஷ வாரண்டி'ன்னு பெட்டியில பெருசா போட்டிருக்கிறது பொதுவா கம்ப்ரஸருக்கு மட்டும். முழு மெஷினுக்குப் பெரும்பாலும் 1 வருஷம்தான். கூலியும் கேஸும் அதுல சேருமாங்கிறதை வாரண்டி கார்டுல சின்ன எழுத்துல தேடுங்க. ஏஎம்சி பத்தி என் கருத்து: பாகங்கள் சேராத வெறும் சர்வீஸ் ஏஎம்சி தேவையில்ல, பிப்ரவரியில ஒண்ணு, மழை முடிஞ்ச பிறகு ஒண்ணுன்னு காசு குடுத்து வாட்டர் சர்வீஸ் பண்ணிக்கலாம். பிசிபி, காயில், கேஸ் மூணும் சேரும்னு எழுத்துல குடுத்தா மட்டும் யோசிங்க.

வாடகை வீட்டுல ஓனர் போட்ட ஏசின்னா, சர்வீஸ் நம்ம செலவு, பாகம் போனா ஓனர் செலவுன்னு அக்ரிமென்ட்லயே ஒரு வரி எழுதிடுங்க. லீக் இருக்கிற இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, ஓகே வாங்கிட்டு வேலையை ஆரம்பிங்க.

ரிப்பேரா, புதுசா?

"பழசைத் தூக்கிப் போட்டுட்டு 5 ஸ்டார் வாங்குங்க, கரண்ட் பில்லுலயே காசு வந்துடும்." இதைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு ஒரு எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடினா ஆகிற கணக்கு. உதாரணத்துக்கு உங்க பழைய ஏசி லேபிள் 1,050, புதுசு 800-ன்னு வச்சுக்குவோம். வித்தியாசம் 250 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய்னா வருஷத்துக்கு 2,000 மிச்சம். புது ஏசி 40,000-ன்னா அந்தப் பணம் திரும்பி வர 20 வருஷம். நீங்க ரெண்டு மடங்கு நேரம் ஓட்டுறவரா இருந்தாலும் 10 வருஷம். நல்லா ஓடுற ஏசியை கரண்டுக்காக மட்டும் மாத்துறது கணக்குக்கு ஒத்து வராது.

இதுல யூனிட் விலையா உங்க பில்லோட சராசரியைப் போடாதீங்க, கடைசி ஸ்லாப் ரேட்டைப் போடுங்க. ஏசி யூனிட்தான் மேல மேல ஏறி உட்காருது. 2 மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டுற வீட்டுக்கு ரேட்டே மாறிடும்கிறதால, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மிச்சம் கொஞ்சம் கூடும்.

நான் பின்பற்றுற அளவுகோல் ரொம்பச் சாதாரணம். ஏசிக்கு 8 வயசு தாண்டி, ரிப்பேர் செலவு புதுசு விலையில பாதியைத் தொட்டா மாத்திடுவேன். ஆர்-22 கேஸ்ல ஓடுற பழைய ஏசியில காயில் லீக்னா பாதி வரைக்கும்கூடப் போக மாட்டேன். ஓசோன் படலத்தைக் கெடுக்கிற கேஸ்ங்கிறதால மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதை உலகம் முழுக்க நிறுத்திக்கிட்டு வர்றாங்க. மாத்துறதா முடிவு பண்ணா, 2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரிக்கு முன்னாடி 32,000 விலை இருக்கிற ஏசிக்கு 3,200 ரூபாய் வித்தியாசம். பழைய விலையை மனசுல வச்சுப் பேரம் பேசாதீங்க.

மே மாசம் அவசரத்துல 'நோ காஸ்ட் இஎம்ஐ' தட்டுறதுக்கு முன்னாடி, பிராசஸிங் ஃபீஸும் வட்டி மேல வர்ற ஜிஎஸ்டியும் உங்க கார்டு ஸ்டேட்மென்ட்ல வரும்கிறதைக் கணக்குல சேர்த்துக்கோங்க. 2024-க்கு அப்புறம் நான் 'ஏசி'ன்னு பேர் வச்சு மாசம் 400 ரூபாய் ஆர்டி போடுறேன். சர்வீஸ், ரிப்பேர், கடைசியில புது ஏசி எல்லாமே அதுலதான்.

பில் இல்லாம பணம் இல்ல

கேஸ் வகை, எத்தனை கிராம், எந்த இடத்துல லீக், மாத்தின பாகம், வேலைக்கு எத்தனை நாள் வாரண்டி, இதெல்லாம் பில்லுல இருக்கணும். தனி ஆள் மெக்கானிக்னா வாட்ஸ்ஆப் மெசேஜே போதும். ஒரு மாசத்துல மறுபடி கேஸ் இறங்கி, கம்பெனி கையை விரிச்சா 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ண இந்த ஆதாரம் வேணும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைன்லயே போடலாம்.

புது மெக்கானிக்கைக் கூப்பிடும்போது நான் அனுப்புற மெசேஜ் இது. அப்படியே காப்பி பண்ணிக்கோங்க:

"அண்ணே, 1.5 டன் இன்வெர்ட்டர், ஆர்-32, 2018 மாடல். ஃபில்டர் கழுவியாச்சு, குளிரல. கேஸ் கம்மின்னா முதல்ல லீக் டெஸ்ட் பண்ணணும், நைட்ரஜன், வாக்குவம் பம்பு, தராசு கொண்டு வாங்க. லீக் டெஸ்டுக்குத் தனியா எவ்வளவு, மொத்தம் எவ்வளவு ஆகும்னு வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

போன மாசம் தங்கச்சி வீட்டுக்காக இதை 5 பேருக்கு அனுப்பினேன். 2 பேர் பதிலே போடல. ஒருத்தர் "அதெல்லாம் தேவையில்ல சார், கேஸ் 1,800-க்குப் போட்டுத் தர்றேன்"னார். மீதி 2 பேர் விலையைப் பிரிச்சு எழுதி அனுப்பினாங்க. அதுல ஒருத்தரைக் கூப்பிட்டோம். லீக்கே இல்ல, அவுட்டோர் காயில் முழுக்கத் தூசி அடைச்சிருந்தது. வாட்டர் சர்வீஸ் பண்ணி 700 ரூபாய் வாங்கிட்டுப் போனார்.